அணியத்தில் முறியும் பலகை

மரத்தில் மாதிரிக் கப்பல் செய்யத் தொடங்கியவர்களில் பாதியில் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சொல்வார்கள். கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டையை, அதாவது ஏராவை நிறுத்தி, அதன்மேல் குறுக்குச் சட்டங்களை ஒட்டும்வரை வேலை சுகமாகப் போகும். சட்டங்களை மெல்லிய பலகைகளால் மூட, அதாவது பலகை வேய ஆரம்பித்தால் நடுப்பகுதியில் அது தானாகவே போய் உட்காரும். கப்பலின் முன்முனையான அணியத்தை நெருங்கும்போதுதான் 'டக்'கென்று முறியும். என் முதல் கப்பலில் ஒரே மாலையில் ஏழு பலகைகள் முறிந்தன. நமக்குக் கை வராது என்று முடிவுகட்டிப் பல மாதம் அதைத் தொடவே இல்லை. கைக்கும் அந்த முறிவுக்கும் அதிகச் சம்பந்தம் கிடையாது என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரு பலகையை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீள வேண்டும், உட்புறம் சுருங்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு: பலகையின் தடிமனை, வளைவின் ஆரத்தைப் போல இரு மடங்கால் வகுத்தால் போதும். 2 மி.மீ. தடிமனுள்ள பலகையை 50 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் வெளிப்புறம் 2 சதவீதம் நீள வேண்டும், 1 மி.மீ. பலகை என்றால் 1 சதவீதம். காய்ந்த மரம் நார்ப்போக்கில் சுமார் 1 சதவீதம்தான் நீளும். அதைத் தாண்டினால் முறிவுதான். விறைப்போ தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. தடிமன் பாதியானால் வளைக்கத் தேவைப்படும் விசை எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே முதல் கப்பலுக்கு இரண்டு அடுக்காகப் பலகை வேயும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். முதல் அடுக்கில் வரும் கோணல்களை உப்புத்தாளால் தேய்த்துச் சீராக்கிவிடலாம். மேலே வரும் இரண்டாம் அடுக்கு அரை மி.மீ. அளவே இருக்கும், சொன்னபடி வளையும்.

நீரும் வெப்பமும் சேர்ந்தால் கணக்கே மாறும். மரத்தைக் கம்பி போட்ட கான்கிரீட்போல நினைத்துக்கொள்ளலாம். செல்லுலோஸ் இழைகள் கம்பி. அவற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் கான்கிரீட். ஈரமேறிய லிக்னின் நீரின் கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் இளகிவிடும். அப்போது இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே நழுவ முடிகிறது. ஆறியதும் லிக்னின் புதிய வடிவத்திலேயே இறுகிக்கொள்கிறது. குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறப்போடுவது பாதி வேலைதான். ஊறிய பலகைக்குச் சூடும் வேண்டும்: கொதிநீரில் சில நிமிடம் வைக்கலாம், அல்லது சூடான இஸ்திரிப் பெட்டியின் விளிம்பில் மெதுவாக இழுத்து வளைக்கலாம்.

இளகிய மரத்துக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. சில வகை மரங்களை நார்ப்போக்கில் கால் பங்குக்கு மேலேயே அமுக்கிச் சுருக்க முடியும். இழுத்து நீட்டுவது மட்டும் 2 சதவீதத்தைத் தாண்டாது. நாற்காலி செய்த மைக்கேல் தோனெட் இதைப் பயன்படுத்திக்கொண்டார். 1859-இல் வெளிவந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலிக்கான கழிகளை நீராவியில் வேகவைத்து, வெளிப்புறத்தில் உலோகப் பட்டையை இறுக்கி வளைத்தார்கள். பட்டை நீளவிடாததால் மரம் முழுவதுமே சுருங்கித்தான் வளைய வேண்டியிருந்தது. நம் மெல்லிய பலகைக்குப் பட்டை தேவையில்லை. அவசரப்படாமல், முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வளைத்தால் போதும். விட்டதும் சற்று நிமிரும் என்பதால், வேண்டியதைவிடக் கூடுதலாகவே வளைத்துக் கிளிப் போட்டு வையுங்கள்.

ஈரத்தோடு மட்டும் ஒட்டிவிடாதீர்கள். ஊறிய மரம் நீளத்தில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலத்தில்தான் உப்பும். 5 மி.மீ. பலகை காய்ந்து 0.2 மி.மீ. சுருங்கினால் பெரிதாகத் தெரியாது. 20 பலகையில் அது 4 மி.மீ. இடைவெளி. கிளிப்பிலேயே ஒரு நாள் காயவிட்டு, பிறகு ஒட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் சில பலகைகள் அணியத்தில் ஒரு விளிம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அங்கேதான் பலர் பசையாலும் ஊசியாலும் மல்லுக்கட்டுகிறார்கள். கப்பலின் உடல் இரு திசையிலும் வளைந்த பரப்பு. பந்தைக் காகிதத்தால் மூடினால் மடிப்பு விழுவதுபோல, நேரான பட்டைகளால் அதை மூடவே முடியாது. பலகை அகலவாக்கில் வளைய வேண்டிவரும்; 5 மி.மீ. அகலமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள பலகைக்கு அந்தத் திசையில் விறைப்பு 25 மடங்கு. இதற்கு வழி கத்தியில் இருக்கிறது. நடுச்சட்டத்தின் ஓரம் 120 மி.மீ. என்றால் 24 பலகை பிடிக்கும். அணியத்தில் அதே ஓரம் 84 மி.மீ.தான் என்றால் ஒவ்வொரு பலகையும் அங்கே 3.5 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். காகிதத் துண்டால் ஓரத்தை அளந்து, 24 பங்காகப் பிரித்துச் சட்டத்திலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். பலகை பாதி அகலத்துக்கும் கீழே குறுக வேண்டியிருந்தால் இரண்டை நிறுத்தி ஒன்றாக்கிவிடலாம். பின்பக்கமான அமரத்தில் சில இடங்களில் பரப்பு விரியும். அங்கே ஆப்புபோல ஒரு துண்டைச் செருக வேண்டிவரும். நிஜக் கப்பல் கட்டிய தச்சர்களும் இதைத்தான் செய்தார்கள்.

கோணலாக ஒட்டிவிட்டாலும் பதற வேண்டாம். பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைப் பசை வெப்பத்தில் இளகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவிக் காத்திருந்தாலும் பிடி விட்டுவிடும். நான் ஒரு பக்கத்தின் ஆறு பலகைகளை அப்படிக் கழற்றித் திரும்ப ஒட்டியிருக்கிறேன்; எங்கே கழற்றினேன் என்று இன்று எனக்கே தெரியாது. சட்டென ஒட்டும் சயனோஅக்ரிலேட்டை முதல் கப்பலில் குறைவாகவே பயன்படுத்துங்கள், அது திருத்த நேரம் தராது.

முறிந்த பலகைகளைத் தூக்கி எறியாதீர்கள். மேல்தளத்தில் ஒரே நீளப் பலகை முனைக்கு முனை ஓடுவதில்லை. துண்டுகளைத்தான், மூட்டுகள் ஒரே வரிசையில் வராதபடி முட்டுமாற்றி அடுக்குவார்கள். 6 மீட்டர் தளப் பலகை 1:64 அளவில் 94 மி.மீ. வரும். அன்று முறிந்த ஏழில் ஐந்து, இப்போது என் கப்பலின் தளத்தில் இருக்கின்றன.