காலரா: கக்கலும் கழிச்சலும்

எங்கள் ஆச்சிக்குக் கோபம் வந்தால் முதலில் வரும் ஏச்சு "பேதியில போவான்!" இன்னும் சூடேறினால் "கழிச்சல்ல போவான்", "கொள்ளையில போவான்". திருநெல்வேலிப் பக்கம் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. காலையில் வயலுக்குப் போனவர் இருட்டுவதற்குள் பிணமான காலத்தின் பயம் அந்த ஏச்சுக்குள் இருக்கிறது.

காலரா கிரேக்கச் சொல். 'கோலே' என்றால் பித்தம். பித்தம் கெட்டு வாயாலும் வயிற்றாலும் போவதாக நினைத்து வைத்த பெயர் என்பார்கள். வடமொழி மருத்துவ நூல்களில் இது விசூசிகை. 'சூசி' என்றால் ஊசி. உடம்பெங்கும் ஊசி குத்துகிற வலி. இரண்டுமே பழைய காலத்தில் பலவகை வயிற்று நோய்களுக்குப் பொதுவாக வழங்கியவை. 1817இல் வங்கத்து ஜெசூரில் கிளம்பிய நோய் நாடு நாடாகப் பரவிய பிறகுதான் காலரா என்ற பெயர் இதற்கே உரியதாக நிலைத்தது.

வாந்திபேதியைத் தமிழ் என்றே நினைக்கிறோம். வாந்தி, பேதி இரண்டும் வடசொற்கள். நல்ல தமிழ் கக்கல் கழிச்சல். எனக்குப் பேதி என்ற சொல்லின் மேல் வேறொரு வருத்தமும் உண்டு. வயிறு சுத்தமாக விளக்கெண்ணெய் கொடுப்பதையும் 'பேதிக்குக் கொடுப்பது' என்கிறோம். அதனால் "பேதிதானே, அழுக்கெல்லாம் போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று செம்பையும் எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஆளைக் கொல்வது அதுதான்.

காலராக் கழிச்சலைப் பார்த்தால் தெரியும்: அரிசி களைந்த கழனித்தண்ணி போல வெளுத்திருக்கும். கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர் கூடப் போகும். கண் குழியும், விரல்நுனி சுருங்கும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே விரியாது. போகிற தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். 1971இல் வங்க தேசப் போரின்போது பன்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய்வழி கொடுக்க வைத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

பரவுவதும் தண்ணீராலேதான். 2010இல் ஹெய்ட்டியில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆர்ட்டிபோனைட் ஆற்றில் கலந்தது; அந்த ஆற்றையே குடித்துக் குளித்த ஊர்கள் வரிசையாக விழுந்தன. தாமிரபரணியில் குளித்து அதிலேயே குடம் நிறைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, எந்தச் சொல்லை எழுதலாம்? பரிசோதனையில் கிருமி உறுதியானால் காலரா என்றே எழுதுங்கள். அது உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அதுவரை கக்கல் கழிச்சல். கரைசல் கொடுக்க எந்தப் பெயருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே கொடுக்கத் தொடங்குங்கள்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ருசி பார்த்துக் கொடுங்கள், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.