பி செல்: அந்த 'பி' எங்கிருந்து வந்தது?

கிருமிக்கு எதிராக எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாக்கும் ரத்த வெள்ளணு வகைதான் பி செல். எலும்பு மஜ்ஜையில் உருவாவதால் 'போன் மேரோ' என்பதன் முதல் எழுத்தை வைத்து பி செல் என்கிறார்கள், இப்படித்தான் பலரும் மனப்பாடம் செய்திருப்போம். மனிதரில் அது மஜ்ஜையில்தான் உருவாகிறது, சரி. ஆனால் பெயர் வந்தது கோழியிடமிருந்து.

பறவைகளின் எச்சவாய்க்குப் பக்கத்தில் ஒரு சிறிய பை உண்டு. இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ஃபாப்ரீசியுஸ் அதைப் பற்றி எழுதியது, அவர் இறந்தபின் 1621-இல் அச்சானது. லத்தீனில் 'பர்ஸா' என்றால் பை, நாம் காசு வைக்கும் பர்ஸும் அதே வேர்தான். அந்தப் பை எதற்கு என்பது முந்நூறு வருடத்துக்கு மேல் புதிராகவே கிடந்தது. 1950-களில் அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் பையை வெட்டி எடுத்துவிட்டு வளர்த்த கோழிகளை, சாங் என்ற சக மாணவர் வகுப்பில் செய்து காட்டுவதற்காக வாங்கிப்போய் சால்மொனெல்லா ஊசி போட்டார், பார்த்தால் எதிர்ப்பொருளே சுரக்கவில்லை! 1956-இல் இது கோழியியல் இதழ் ஒன்றில் வெளிவந்ததால் நோயெதிர்ப்புத் துறைக்காரர்கள் கண்ணில் சீக்கிரம் படவில்லை. 1965-இல் மேக்ஸ் கூப்பர் குழு, பையைச் சார்ந்த செல்கள் வேறு, தைமஸ் என்ற நோயெதிர்ப்பு உறுப்பைச் சார்ந்தவை வேறு என்று காட்டியது. பி, டி என்ற எழுத்துகள் அந்தப் பிரிவிலிருந்து வந்தவை.

தமிழில் என்ன சொல்வது? 'பி உயிரணு' என்று எழுதலாம், ஆனால் செய்தித்தாள் வழக்கில் உயிரணு என்றாலே விந்தணு என்று ஆகிவிட்டது. இலங்கையில் 'கலம்' என்பார்கள், நல்ல சொல். என் கணக்கில் பேச்சுக்கு பி செல், கட்டுரைக்கு பி நிணநீர்க்கலம். 'பை அணு' என்று மொழிபெயர்ப்பது மட்டும் வேண்டாம், மனிதருக்கு அந்தப் பையே கிடையாது.

'பி செல் பன்மை' என்பது இன்னொரு சொற்றொடர், பி செல்கள் வகைவகையாய் இருப்பதைச் சொல்வது. ஒவ்வொரு பி செல்லும் தன் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தனக்கென ஓர் ஏற்பி, அதாவது கிருமியை அடையாளம் கண்டு பற்றும் புரதம், செய்துகொள்கிறது, இதைக் கண்டுபிடித்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சுவழியில் இந்தப் பன்மை இடத்துக்கு இடம் வேறு மாதிரி. மூக்கு, மூச்சுக்குழாய்ச் சவ்வுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்மா செல்கள், அதாவது முதிர்ந்த பி செல்கள், பெரும்பாலும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையைச் சுரக்கும். அது இரண்டிரண்டாக இணைந்து, சவ்வின் மேலடுக்குச் செல்களின் ஊடே கடத்தப்பட்டுச் சளியில் கலந்து, கிருமி உள்ளே ஒட்டும் முன்னே மறிக்கும். நுரையீரலின் காற்றறைப் பக்கம் போனால், ரத்தத்திலிருந்து கசிந்துவரும் ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்பொருள் வகைக்குத்தான் பெரிய பங்கு. தொற்று போனபின் நினைவு பி செல்கள் சில நுரையீரலிலேயே தங்கிவிடும், ரத்தத்தில் சுற்றாது. ரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்து மூச்சுவழியின் எதிர்ப்பாற்றலை எடைபோட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.