மூளை முதுமை பற்றிய ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்

தலைப்பு மாறுகிறது, ஆசிரியர்கள் மாறுகிறார்கள், கட்டுரை மட்டும் மாறுவதே இல்லை. இருபதுகளில் இருப்பவர்கள் 30 பேர், 65 வயதைத் தாண்டியவர்கள் 30 பேர். ஆளுக்கு ஒரு எம்ஆர்ஐ, ஒரு நினைவாற்றல் சோதனை. இரண்டு குழுக்களின் சராசரியிலும் வித்தியாசம் வந்துவிட்டது. உடனே கட்டுரைச் சுருக்கத்தின் கடைசி வரியில், ‘வயதாக ஆக ஹிப்போகேம்பஸ் (நினைவுகளைப் பதிக்க உதவும் மூளைப் பகுதி) சுருங்குகிறது, அதனால் நினைவாற்றல் தேய்கிறது என்பதை இந்த ஆய்வு நிறுவுகிறது’ என்று எழுதிவிடுகிறார்கள்.

எங்கே நிறுவியது? இந்த ஆய்வில் எந்த மூளையும் சுருங்குவதை யாரும் பார்க்கவில்லையே! ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறைதான் அளந்திருக்கிறீர்கள். ஒரு முறை அளந்ததில் மாற்றம் எப்படித் தெரியும்?

மூளை முதுமை பற்றி எழுத வருகிறவர்களிடம் மற்ற எந்தப் பிழையையும்விட அதிகமாகக் காண்பது இதுதான். நல்ல தரவு, ஒழுங்கான அளவீடு, பாராட்டத்தக்க உழைப்பு எல்லாம் இந்த ஒரு வரியால் திரும்பி வருகின்றன. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

2020ல் 70 வயதாக இருந்தவர் 1950ல் பிறந்தவர். அதே ஆண்டில் 25 வயதாக இருந்தவர் 1995ல் பிறந்தவர். இவர்களுக்கு இடையே இருப்பது 45 வயது வித்தியாசம் மட்டுமா? கருவில் கிடைத்த ஊட்டச்சத்து, குழந்தைப் பருவத்தில் வந்த தொற்றுகள், பள்ளியில் படித்த ஆண்டுகள், சுவாசித்த காற்றில் இருந்த ஈயம், புகைப்பழக்கம், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கிடைத்த காலம், கணினித் திரையோடு பழகிய விதம் என்று எல்லாமே வேறு. இவை அனைத்தும் மூளையின் அளவிலும் சோதனை மதிப்பெண்ணிலும் தடம் பதிக்கும். 2020ன் 25 வயதுக்காரர் 2065ல், 2020ன் 70 வயதுக்காரரைப் போலத்தான் இருப்பார் என்பது உங்கள் ஊகம். அதை முடிவு என்று எழுதாதீர்கள்.

இது வெறும் தத்துவச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு ஒரு எண். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வின் எம்ஆர்ஐ தரவுகளை வைத்து 2024ல் வந்த கட்டுரையின்படி, 1930களில் பிறந்தவர்களைவிட 1970களில் பிறந்தவர்களின் மண்டையோட்டு உட்கொள்ளளவு சுமார் 6.6 சதவீதம் அதிகம். அதாவது மூத்த தலைமுறையின் மூளை சிறிதாகத் தெரிவதில் ஒரு பங்கு, அது எப்போதுமே அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை என்பதால் வருவது. மூளை சுருங்குவதற்கும் அந்தப் பங்குக்கும் சம்பந்தமே இல்லை. இன்னும் பழைய சான்று வேண்டுமென்றால், உளவியலாளர் வார்னர் ஷாய் 1956ல் தொடங்கிய சியாட்டில் தொடராய்வைப் பாருங்கள். 7 ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பச் சோதித்தார்கள். வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் ஒப்பிட்டபோது முன்கூட்டியே இறங்குவதாகத் தெரிந்த பல திறன்கள், அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது ஏறத்தாழ 60 வயது வரை பெரிதாக இறங்கவில்லை.

‘படித்த ஆண்டுகளைப் புள்ளியியலில் சமன்செய்துவிட்டோம்’ என்று பதில் வரும். 1968ல் முடித்த 12 ஆண்டுப் படிப்பும் 2013ல் முடித்த 12 ஆண்டுப் படிப்பும் ஒன்றா? அந்தக் காலத்தில் அவ்வளவு படித்தவர்கள் தங்கள் தலைமுறையில் ஒரு சிறு கூட்டம். எண் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

‘அப்படியானால் குறுக்குவெட்டு ஆய்வே (ஆளுக்கு ஒருமுறை மட்டும் அளப்பது) செய்யக் கூடாதா?’ என்பது அடுத்த கேள்வி. தாராளமாகச் செய்யுங்கள். செய்ததை மட்டும் எழுதுங்கள். ‘மூத்த குழுவின் ஹிப்போகேம்பஸ் கொள்ளளவு இளைய குழுவினுடையதைவிடக் குறைவாக இருந்தது’ என்று எழுதினால் ஒரு மதிப்பாய்வாளரும் வாயைத் திறக்க முடியாது. கட்டுரை முழுவதையும் ஒருமுறை தேடி, சுருங்குகிறது, தேய்கிறது, இழக்கிறது, வேகமடைகிறது என்று வரும் இடங்களில் எல்லாம் நின்று, ஒரே ஆளிடம் இதைப் பார்த்தோமா என்று கேளுங்கள். தலைப்பையும் படக்குறிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். கட்டுரைக்குள் திருத்திவிட்டுத் தலைப்பில் அப்படியே விடுவது வாடிக்கையாகிவிட்டது.

வயது, மூளைக் கொள்ளளவு, நினைவாற்றல் மூன்றையும் அம்புக்குறியால் கோத்து, ‘வயதின் விளைவில் இத்தனை சதவீதத்தை மூளைக் கொள்ளளவு கடத்துகிறது’ என்று காட்டும் இடையீட்டுப் பகுப்பாய்வும் இதே குட்டையில் ஊறியதுதான். வயதோடு எது மாறினாலும் இந்தப் பகுப்பாய்வில் ‘இடையீட்டாளராக’ வேலை செய்யும். ஒற்றை நேர அளவீட்டில் அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

தொடராய்வுத் தரவு சொந்தமாக இல்லையென்றால் ஏடிஎன்ஐ, ஓஏசிஸ்-3, யூகே பயோபேங்க் ஆகிய தரவுத் தொகுப்புகளில் மறுஅளவீடுகள் இருக்கின்றன, விண்ணப்பித்துப் பெறலாம். ஆனால் இவற்றில் சேர்ந்தவர்கள் பொதுமக்களைவிடப் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள், அதிகம் படித்தவர்கள். அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

தொடராய்வு வைத்திருப்பவர்களும் ரொம்ப நிம்மதியடைய வேண்டாம். முதல் சிக்கல் பயிற்சி விளைவு. அதே சொற்பட்டியலை இரண்டாம் முறை கேட்பவர் நன்றாகவே சொல்வார், சரிவு அதற்குள் மறைந்துவிடும். மாற்றுப் பட்டியல் கொடுத்தீர்களா, எத்தனை மாத இடைவெளி என்பதைச் செய்முறைப் பகுதியில் எழுதுங்கள். இரண்டாவது, விலகியவர்கள். சரிந்தவர்கள்தான் முதலில் வராமல் போவார்கள். இறுதிவரை இருந்தவர்களை மட்டும் பகுத்துவிட்டு ‘நினைவாற்றல் நிலையாக இருந்தது’ என்று எழுதினால், நின்றவர்களின் கதையை எல்லோர் மேலும் ஏற்றுகிறீர்கள். விலகியவர்களின் தொடக்க மதிப்பெண்ணை, இருந்தவர்களுடையதோடு பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை கொடுங்கள். மூன்றாவது, ஸ்கேனர். ஆரோக்கியமான முதியவரின் ஹிப்போகேம்பஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீத அளவில்தான் குறையும். நடுவில் ஸ்கேனரின் மென்பொருளோ சிக்னலை வாங்கும் சுருளோ (coil) மாறியிருந்தால் அதனால் வரும் வித்தியாசமே இதை விழுங்கிவிடலாம். மாறிய தேதி, யார் யார் அதற்கு முன், யார் யார் பின் என்பது தெரிய வேண்டும். மூளைப் படங்களை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளைப் பயன்படுத்தினால் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள், தொடராய்வுக்கென்று இருக்கும் அதன் தனி வழிமுறையில் எல்லாப் படங்களையும் ஒரே பதிப்பில் ஓட்டுங்கள்.

புள்ளியியல் மாடல் எழுதும்போது பலர் ‘வயது’ என்ற ஒரே மாறியை வைத்துவிடுகிறார்கள். ஆட்களுக்கு இடையிலான வயது வித்தியாசமும் ஒரே ஆளுக்குள் கடந்த காலமும் அதில் ஒன்றாகக் குழைந்துவிடும், மேலே இவ்வளவு நேரம் புலம்பியது எல்லாம் வீண். தொடக்கத்தில் இருந்த வயது ஒரு மாறி, தொடக்கத்திலிருந்து கடந்த ஆண்டுகள் இன்னொரு மாறி என்று பிரியுங்கள். ஆளுக்கு ஆள் சாய்வு (மாற்றத்தின் வேகம்) மாறலாம் என்று விடுங்கள். அதற்கு மூன்று அளவீடாவது இருந்தால் நல்லது. இரண்டே இருந்தால் உண்மை மாற்றத்தையும் அளவீட்டுப் பிழையையும் பிரிப்பது கடினம்.

இப்போதெல்லாம் ‘மூளை வயது’ கட்டுரைகள் குவிகின்றன. எம்ஆர்ஐயிலிருந்து ஒரு மாடல் வயதைக் கணிக்கும். கணித்த வயதிலிருந்து உண்மை வயதைக் கழித்தால் ‘இடைவெளி’. இந்தக் கணிப்பு எப்போதும் பயிற்சிக் குழுவின் (மாடல் கற்றுக்கொண்ட ஆட்களின்) சராசரி வயதை நோக்கிச் சாயும். இளையவர்களுக்குக் கூட்டிச் சொல்லும், முதியவர்களுக்குக் குறைத்துச் சொல்லும். ஆகவே திருத்தாத இடைவெளி, வயதோடு தொடர்புடைய எதனோடும் தொடர்பு காட்டும். நோயாளிகளும் கட்டுப்பாட்டுக் குழுவினரும் வேறு வேறு வயதினராக இருந்தால் அந்த முடிவைக் குப்பையில் போடலாம். இந்தச் சாய்வைத் திருத்தும் கெழுக்களைப் பயிற்சிக் குழுவிலோ கட்டுப்பாட்டுக் குழுவிலோ கணக்கிட்டு, சோதனைக் குழுவுக்கு அப்படியே பயன்படுத்துங்கள். திருத்தியபிறகு வரும் துல்லியத்தை மாடலின் துல்லியம் என்று போடாதீர்கள். திருத்தத்துக்குள்ளேயே உண்மை வயது ஒளிந்திருக்கிறது.

துல்லியத்தைச் சொல்லும்போது வயது வரம்பையும் சொல்லுங்கள். ‘சராசரிப் பிழை 4 ஆண்டுகள்’ என்பது 20 முதல் 80 வரை பரவிய குழுவில் நல்ல சாதனை. 60 முதல் 75 வரை சீராகப் பரவிய குழுவில் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் 67.5 என்று சொன்னாலே சராசரிப் பிழை 3.75தான் வரும். அங்கே உங்கள் ஆழ்கற்றல் மாடல், ஒன்றுமே கற்காதவரைவிட மோசம்!

இடைவெளி கூடியவர்களுக்கு ‘மூளை வேகமாக முதுமையடைகிறது’ என்று எழுதுவது, முதல் பத்தியில் சொன்ன பிழையின் புதுச் சட்டை. 2021ல் ஈலைஃப் இதழில் வந்த ஒரு ஆய்வு, ஒற்றை ஸ்கேனில் தெரியும் இந்த இடைவெளி பிற்பாடு நடக்கும் மாற்றத்தின் வேகத்தைவிட, பிறப்பு எடை போன்ற இளமைக்கால காரணிகளோடுதான் ஒத்துப்போகிறது என்று காட்டியது. மதிப்பாய்வாளர்கள் அதைப் படித்திருக்கிறார்கள்.

ஸ்கேனுக்குள் முதியவர்கள் அதிகம் அசைவார்கள். அசைவு, புறணியை (மூளையின் வெளி அடுக்கை) உள்ளதைவிட மெல்லியதாகக் காட்டும். இரண்டு குழுக்களின் அசைவையும் படத்தரத்தையும் எண்ணாகக் கொடுங்கள். ‘தரம் குறைந்த படங்களை நீக்கினோம்’ என்றால் எந்தக் குழுவில் எத்தனை, யார் முடிவு செய்தார், அவருக்கு வயது தெரியுமா? ரத்த ஓட்டத்தை வைத்து மூளையின் வேலையைக் காட்டும் செயல்பாட்டு எம்ஆர்ஐ என்றால் ரத்தக்குழாயும் முதுமையடைகிறது என்பதை மறக்க வேண்டாம். சிக்னல் குறைந்ததற்கு நியூரான்தான் காரணம் என்று சொல்ல உங்களிடம் தனிச் சான்று வேண்டும்.

‘ஆரோக்கியமான முதியவர்கள்’ என்று எழுதினால் போதாது. என்ன சோதனை, எந்த வெட்டுப்புள்ளி? மோகா என்ற அறிவாற்றல் சோதனை என்றால் 30க்கு 26 என்ற வழக்கமான வெட்டா, 12 ஆண்டும் அதற்குக் கீழும் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டினீர்களா? காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா? கேட்காத சொல்லை யாரும் நினைவில் வைக்க முடியாது. தூக்க மாத்திரை, மனச்சோர்வு, ரத்த அழுத்தம் எல்லாம் முதல் அட்டவணையில் இருக்க வேண்டும். சோதனையில் இயல்பாக வரும் முதியவர்களிலும் ஒரு பகுதியினரின் மூளையில் அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு புரதம் படிந்திருக்கும். அதைப் பார்க்காமல் ‘இயல்பான முதுமை’ என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

சுண்டெலி ஆய்வாளர்களுக்கு. 2 மாதச் சுண்டெலி இன்னும் வளர்ந்து முடியவில்லை. அதை 12 மாதத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் காண்பதில் பாதி வளர்ச்சி, மீதி நடுவயது. ஆய்வகங்களில் பரவலான சி57பிஎல்/6 சுண்டெலி இனத்தில் 3 முதல் 6 மாதம் வரை முதிர்ந்த இளமை, 10 முதல் 14 வரை நடுவயது, 18 முதல் 24 வரை முதுமை. இந்த இனத்துக்குக் கேடெரின்-23 மரபணு மாறுபாட்டால் வயதோடு செவித்திறன் போகும், உயர் அலைவெண்கள் முதலில் போகும். ஒலியை வைத்து அச்ச நினைவைச் சோதித்துவிட்டு ‘மறந்துவிட்டது’ என்கிறீர்கள், அதற்குக் காதே கேட்கவில்லை. நீர்ப்புதிரில் (நீரில் மறைந்த மேடையை எலி தேடும் சோதனை) நீந்தும் வேகத்தையும், கண்ணுக்குத் தெரியும் மேடையை வைத்த சோதனையையும் காட்டுங்கள். கிழட்டு எலி மெதுவாக நீந்தும். எடுத்த நேரத்தைவிடக் கடந்த தூரமே நம்பத் தகுந்தது.

திசுவில் ஒளிரும் சாயம் போடுபவர்கள் லிப்போஃபுசினை ஏன் இப்படி மறக்கிறார்கள் என்று புரியவில்லை. முதிய நியூரான்களில் சேரும் இந்தக் கழிவு, ஏறக்குறைய எல்லா அலைநீளத்திலும் தானாகவே ஒளிரும். ‘முதுமையில் இந்தப் புரதம் கூடுகிறது’ என்று வரும் படங்களில் சில வெறும் லிப்போஃபுசின் படங்கள். முதன்மை ஆன்டிபாடி (தேடும் புரதத்தில் ஒட்டுவது) போடாத கட்டுப்பாட்டுத் துண்டை முதிய திசுவில் செய்யுங்கள்; இளைய திசுவில் செய்து காட்டிப் பயனில்லை. 70 சதவீத எத்தனாலில் கரைத்த சூடான் பிளாக் பி சாயம் இந்த ஒளிர்வைப் பெருமளவு அடக்கும், உண்மைச் சிக்னலையும் கொஞ்சம் மங்கவைக்கும். ஆகவே இரண்டு வயதுத் திசுக்களுக்கும் அதே அளவு, அதே நேரம். மைக்ராஸ்கோப்பின் எக்ஸ்போஷரும் இரண்டுக்கும் ஒன்றே.

நியூரான் எண்ணிக்கைக்கு அடர்த்தியைக் காட்டாதீர்கள். திசு சுருங்கினால் அடர்த்தி கூடும். ஸ்டீரியாலஜி (திசுத் துண்டுகளிலிருந்து மொத்தத்தைக் கணிக்கும் முறை) செய்து மொத்த எண்ணிக்கை கொடுங்கள். மனிதப் பெருமூளைப் புறணியில் 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே நியூரான் வித்தியாசம் 10 சதவீத அளவுதான் என்று 1997லேயே டென்மார்க் குழு எண்ணிக் காட்டியது. உங்களுக்கு 40 சதவீதம் வந்தால் முதலில் எண்ணிய முறையைச் சந்தேகியுங்கள். 3 எலியிலிருந்து 90 நியூரான் எடுத்தால் மாதிரி அளவு 3தான். 90 என்று போட்டால் அன்றே திரும்பி வரும்.

‘இளையவர்களில் தொடர்பு இருந்தது, முதியவர்களில் இல்லை, ஆகவே முதுமையில் தொடர்பு அறுகிறது’ என்பது வேண்டவே வேண்டாம். பி-மதிப்பு (0.05க்குக் கீழ் இருந்தால் முக்கியம் என்று வழக்கமாகக் கொள்வது) ஒன்றில் 0.03, இன்னொன்றில் 0.08 என்றால் இரண்டும் வேறு என்று ஆகாது. வயதுக்குழுவோடு இடைவினையை (தொடர்பு குழுவுக்குக் குழு உண்மையிலேயே மாறுகிறதா என்பதை) சோதித்து அந்த எண்ணைக் கொடுங்கள். 2011ல் நேச்சர் நியூரோசயின்ஸில் வந்த ஒரு கணக்கெடுப்பில், இந்தப் பிழைக்கு வாய்ப்பிருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய பாதியில் அது நடந்திருந்தது.

மிச்சமெல்லாம் ஒரு மாலை வேலை. நோக்காய்வு (தலையிடாமல் கவனித்து மட்டும் செய்வது) என்றால் ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலின் 22 அம்சங்கள், விலங்காய்வு என்றால் 2020ன் அரைவ் 2.0 பட்டியல். பட்டியலைக் கட்டுரை எழுதும் முன் எடுத்து வையுங்கள். எழுதி முடித்தபின் பக்க எண்களை நிரப்பினால் ஓட்டைகள்தான் தெரியும். பட்டை வரைபடத்தைக் கைவிட்டு ஒவ்வொரு ஆளையும் புள்ளியாகக் காட்டுங்கள், தொடராய்வில் ஆளுக்கொரு கோடு. புகைப்படங்களுக்கு 300 டிபிஐ, கோட்டு வரைபடங்களுக்கு 1000 என்று பல இதழ்கள் கேட்கும். பங்கேற்றவர்களை ‘கிழவர்கள்’ என்ற தொனி வரும் சொற்களால் குறிக்காமல் ‘மூத்தோர்’ என்று, வயது வரம்போடு குறிப்பிடுங்கள். பல இதழ்கள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினால் எதற்கு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், ஆசிரியர் பட்டியலில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

அனுப்புரைக் கடிதத்தில் ‘முதன்முறையாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, யாரை எத்தனை முறை அளந்தீர்கள் என்பதை இரண்டாவது வரியிலேயே எழுதுங்கள். வரி எண்களும் தயவுசெய்து போடுங்கள்.