முத்திரை இல்லாவிட்டாலும் பாஸ்போர்ட் காட்டிக்கொடுக்கும்

இரு நாடுகளுக்கிடையே தூதரக உறவு இல்லையென்றால் பயணமே முடியாது என்பதில்லை. விசா கொடுக்கும் இடம்தான் மாறும். இந்தியாவுக்கும் தைவானுக்கும் தூதரக உறவு கிடையாது. ஆனாலும் டெல்லியிலும் சென்னையிலும் இயங்கும் தைப்பே பொருளாதார, கலாச்சார மையம் விசா வழங்குகிறது. ஈரானில் அமெரிக்கத் தூதரகம் இல்லாததால், அமெரிக்க விசா நேர்காணலுக்கு ஈரானியர்கள் மூன்றாம் நாடு ஒன்றுக்குத்தான் போக வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் அடுத்த நாட்டில்தான் வரும். இஸ்ரேலுக்குப் போய்வந்த தடயம் பாஸ்போர்ட்டில் இருந்தால் லெபனான் உள்ளே விடாது. 2013 முதல் இஸ்ரேல் பொதுவாக பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை; தனிச் சீட்டு ஒன்றைத் தருகிறது. இஸ்ரேலை விட்டு வெளியேறும்வரை அதைத் தொலைக்கக் கூடாது.

பலர் கோட்டைவிடுவது தரைவழியில். எகிப்தின் தாபா, ஜோர்தானின் வாடி அரபா ஆகிய இரண்டும் இஸ்ரேல் எல்லைக் கடவுகள். அங்கே எகிப்தோ ஜோர்தானோ குத்தும் முத்திரையில் ஊர்ப்பெயர் இருக்கும். அதிகாரிக்கு அதுவே போதும். ஜோர்தானையும் இஸ்ரேல் கட்டுப்பாட்டிலுள்ள மேற்குக் கரையையும் இணைக்கும் மன்னர் ஹுசைன் பாலத்தில், ஜோர்தான் பாஸ்போர்ட்டில் குத்தாமல் தாளில் குத்தித் தரும். ஆனால் அங்கே இறங்கியதும் விசா வாங்க முடியாது. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அம்மானில் நுழைந்த முத்திரை இருக்க, ஜோர்தானை விட்டு வெளியேறிய முத்திரை இல்லையென்றால் அந்த இடைவெளியே கேள்வி எழுப்பும். பாலம் வழியாகவே ஜோர்தானுக்குத் திரும்பி அங்கிருந்து ஊருக்குக் கிளம்பினால் அந்தக் குறை வராது.

செர்பியா–கொசோவோ விஷயத்தில் கவனிக்க வேண்டியது போகும் வரிசை. கொசோவோவைச் செர்பியா தனி நாடாக ஏற்பதில்லை. அதனால் வேறு நாட்டிலிருந்து நேரே கொசோவோவுக்குள் வந்து, அங்கிருந்து செர்பியாவுக்குப் போனால், செர்பிய நுழைவு முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பலாம். முதலில் செர்பியா, பிறகு கொசோவோ, மறுபடி செர்பியா என்பதே நல்லது.

முத்திரையே விழாவிட்டாலும் விசா விண்ணப்பப் படிவம் நேராகவே கேட்கும். அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போகும் உரிமையுள்ள நாட்டவர், 2011 மார்ச் 1க்குப் பிறகு ஈரானுக்கோ சிரியாவுக்கோ போயிருந்தால் அந்தச் சலுகையை இழப்பார்; நேர்காணலுடன் வழக்கமான விசா வாங்க வேண்டும். போகவில்லை என்று பொய் எழுதினால் கதை முடிந்தது. பின்னால் வரும் விண்ணப்பங்களையும் அது கெடுக்கும்.

சில நாடுகள் தகுந்த காரணம் காட்டினால் இரண்டாவது பாஸ்போர்ட் தரும். அமெரிக்கா தருவது 4 ஆண்டுகளுக்குச் செல்லும். எதைக் காட்டி உள்ளே போனீர்களோ, அதைக் காட்டியே அந்நாட்டிலிருந்து வெளியேற வேண்டும்.