சிவப்பு ஐசியில் இருக்கும் தோட்டம்

"ஓட்டுப் போடுற அன்னைக்கு நான் வீட்டுலயே இருந்து சமைச்சிடுவேன் தம்பி. பிள்ளைங்க போட்டுட்டு வந்து சாப்பிடும்."

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் ஒரு கோயில் மண்டபத்தில், ஐசி, குடியுரிமைச் சிக்கல்களுக்கு உதவ நாங்கள் சில வழக்கறிஞர்கள் அவ்வப்போது மேசை போட்டு உட்காருவோம். அங்கே வந்த ஓர் அம்மா சொன்னது இது. கையில் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை; ஓட்டு, நீல ஐசி வைத்திருக்கும் குடிமக்களுக்கு மட்டும்தான். கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவர். பிரசவம் வீட்டிலேயே நடந்தது. பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை.

எந்த வருஷம் பிறந்தீர்கள் என்றேன். 1961 என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

காரணம் இருக்கிறது. நம் அரசியலமைப்பின்படி, 31.8.1957 முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை மலாயா (இன்றைய தீபகற்ப மலேசியா) மண்ணில் பிறந்தவர் (தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர) பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவர் என்றால், இங்கே பிறந்தது மட்டும் போதாது; பெற்றோரின் நிலையையும் பார்ப்பார்கள். ஆக, இந்த அம்மா குடியுரிமையை யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. இங்கேதான் பிறந்தேன் என்று காட்டினால் போதும். ஆனால் அந்தப் 'போதும்'தான் மலை. தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர், சம்பளப் பதிவேடு), தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, உடன்பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அந்தப் பதிவேடுகளை எழுதிய தோட்டத்துக் கிராணிமார் (எழுத்தர்கள்) பலர் இப்போது உயிரோடு இல்லை.

அடுத்த தலைமுறையிலும் இதே சிக்கலைப் பார்க்கிறேன், வேறு வழியில். கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதிவு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குச் சட்டம் தாயின் நிலையைத்தான் பார்க்கும். அப்பாவிடம் நீல ஐசி இருந்தும், தாய் வெளிநாட்டவர் என்றால் பிள்ளை தவித்துப் போகும். கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கும் அக்கறையில் கால்வாசி பதிவுக்குக் காட்டினால், எங்கள் மேசைக்கு வேலை பாதி குறையும்.

222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட மலேசிய இந்தியர்களாகிய நாம் பெரும்பான்மை இல்லை. கலப்புத் தொகுதிகளில் சில நூறு ஓட்டுகள் முடிவை மாற்றக்கூடிய இடத்தில்தான் நம் குரலுக்கு எடை. அந்தச் சில நூறில் இந்த அம்மா இல்லை.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான குடிமக்கள் தானாகவே வாக்காளர் ஆகிறார்கள். எந்தத் தொகுதி என்பதை ஐசியில் உள்ள முகவரிதான் தீர்மானிக்கிறது. பட்டியலில் ஏறியபின் வீடு மாறினால் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகாவில்) மாற்றுவதோடு நில்லாமல், தேர்தல் ஆணையத்திடமும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நாடாளுமன்றம் கலைந்தபின் ஓடிப் பயனில்லை.

அம்மாவின் குடியுரிமை மனுவை அனுப்பிவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை. போன வாரம் போனில் கூப்பிட்டார். அட்டையில் என்ன விலாசம் இருக்கிறது, படியுங்கள் என்றேன். பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தோட்டத்துப் பெயர், லய எண்.

"அந்தத் தோட்டமே இப்ப இல்லையே தம்பி, வீடமைப்புத் திட்டமா ஆக்கிட்டாங்க" என்றார்.

முதலில் அதை மாற்றுவோம், வீட்டு மின்கட்டண பில்லை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.