முறுக்க முறுக்கப் புதையும் சக்கரம்

பெசன்ட் நகர் கடற்கரை, ஞாயிறு சாயங்காலம். மணலில் பைக்கை இறக்கிவிட்ட ஒரு பையன், பின்சக்கரம் சிக்கியதும் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தான். சக்கரம் மணலை வாரி இறைத்தது, வண்டி இன்னும் கீழே போனது. ஊரூர் குப்பத்து அண்ணன் ஒருவர் ஓடி வந்தார். "முறுக்காதப்பா, தோண்டுது பாரு!" டயரில் பாதிக் காற்றை இறக்கி, நாலு பேர் தள்ளியதும் வண்டி மேலே ஏறியது.

செவ்வாயில் தள்ளிவிட ஆளில்லை. 2009-ல் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி பொலபொலவென்ற மண்ணில் புதைந்தது. அதன் ஆறு சக்கரங்களில் ஒன்று 2006-லேயே செயலிழந்திருந்தது. மாதக்கணக்கில் முயன்றும் மீட்க முடியவில்லை. 2010 மார்ச்சுக்குப் பிறகு அதனிடமிருந்து செய்தியே வரவில்லை.

சக்கரம் மண்ணைப் பின்னால் தள்ளும்போது, அந்த மண் அசையாமல் நின்றால்தான் வண்டி முன்னே போகும். மண் நழுவிவிட்டால் ஒவ்வொரு சுற்றும் பள்ளம் பறிப்பதுதான். மோட்டாரின் வலு அங்கே உதவாது. நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால் வண்டி லேசாகிவிடும். ஆனால் பிடிமானமும் அதோடு குறையும். அங்கே சந்திரயான்-3-இன் 26 கிலோ பிரக்யான் ஊர்தி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது.

இந்த ஊர்திகளில் பிடிமானத்தை ஆறு சக்கரங்களுக்கும் பங்கிட்டுத் தரும் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு சக்கரங்கள் சீசா போல ஆடும் சிறு கையில் இருக்கும். அந்தக் கையைத் தாங்கும் பெரிய கையின் மறுமுனையில் மூன்றாவது சக்கரம். ஸ்பிரிங்கே கிடையாது. ஸ்பிரிங் இருந்தால் கல்மேல் ஏறும் சக்கரத்தில் பாரம் கூடி, மற்றவற்றின் பிடி தளரும். இங்கே கைகள் சாய்ந்துகொடுப்பதால் ஆறும் தரையை விடாது. இரு பக்கமும் உடலின் குறுக்கே இணைந்திருப்பதால், ஒரு பக்கம் ஏறினாலும் உடல் அதில் பாதிதான் சாயும்.

நழுவலைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. நாசாவின் இன்னொரு செவ்வாய் ஊர்தியான கியூரியாசிட்டியின் சக்கரத் துளைகள் மண்ணில் மோர்ஸ் குறியீட்டை அச்சிட்டுக்கொண்டே போகும். அச்சுகளுக்கு இடையிலான தூரத்தைக் கேமரா படத்தில் அளந்தால், சக்கரம் சுற்றிய அளவுக்கு வண்டி நகர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் பூமியில் சோதிக்க நம் கடற்கரை மணல் ஆகாது. அலை உருட்டி உருட்டி அதன் முனைகள் மழுங்கிவிட்டன. காற்றும் நீரும் இல்லாத நிலவிலோ மண் துகள்கள் கூர்மை மாறாமல் கிடக்கின்றன. அதனால் சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கும், நிலவுப் பாறையை ஒத்த அனார்த்தோசைட் பாறையை எடுத்து, நொறுக்கி அரைத்து நிலவு மண்ணாக்கியது.