நேத்து ஓடின குழந்தை இன்னைக்கு ஏன் நொண்டுது?

ராத்திரி வரைக்கும் வீடு பூரா ஓடிட்டு இருந்த ரெண்டு வயசு குழந்தை, காலைல எழுந்ததும் ஒரு காலை ஊன மாட்டேங்குது, தூக்குன்னு கை நீட்டுது. எங்க வலிக்குதுன்னு கேட்டா கைக்கு வந்த இடத்தை காட்டும், இல்ல தொட்டாலே அழும். அதனால அமுக்கி அமுக்கி பாக்கறத விட நடக்க விட்டு பாக்கறதுதான் உருப்படியான வேலை.

நடக்க ஆரம்பிச்ச புதுசுல எல்லா குழந்தையும் காலை அகட்டி, கையை மேல தூக்கிட்டு, பாதத்தை மொத்தமா தொப்பு தொப்புன்னு வச்சுத்தான் நடக்கும், அது நோய் இல்ல. நல்லா நடந்துட்டு இருந்தது திடீர்னு மாறுதா, அதுதான் கணக்கு.

வலி இருந்தா அந்த காலை ஊனற நேரம் குறையும், அதாவது வலிக்கிற கால் தரைல பட்டதும் மத்த காலை டக்குனு முன்னாடி வச்சுரும். இதுக்கு அடிக்கடி காரணமா இருக்கறது முழங்காலுக்கு கீழ இருக்கற பெரிய எலும்புல மெல்லிசா சுத்திட்டு ஓடுற ஒரு கீறல். ஒன்பது மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் இது சகஜம். பாதம் ஒரு இடத்துல மாட்டிக்கும், உடம்பு திரும்பிரும், எலும்பு துணிய பிழியற மாதிரி முறுக்கிக்கும். சறுக்கு மரத்துல அப்பா மடில உக்காந்து வரும்போது ஷூ பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டாலே போதும், மேல இருந்து பெரியவங்க எடையும் சேர்ந்து தள்ளுது இல்லையா. எலும்பை மூடியிருக்கற உறை இந்த வயசுல தடிமனா இருக்கறதால எலும்பு விலகாது, வீக்கமும் பெருசா தெரியாது. முதல் நாள் எக்ஸ்ரேல கூட ஒண்ணும் தெரியாம போகலாம், ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு எடுத்தா புது எலும்பு வளர்ற கோடு தெரியும். நம்ம ஊர்ல உடனே சுளுக்குன்னு எண்ணெய் போட்டு உருவி விடுவாங்க, தயவுசெஞ்சு வேணாம், இந்த வயசுல சுளுக்கு ரொம்ப அபூர்வம், எலும்புதான் முதல்ல விட்டுக்கொடுக்கும்.

நடக்க மாட்டேங்குது ஆனா ஜாலியா தவழுதுன்னா பிரச்சனை பெரும்பாலும் முழங்காலுக்கு கீழதான். தவழவும் மாட்டேங்குதுன்னா இடுப்பு மூட்டை சந்தேகப்படணும். சளி ஜுரம் வந்து போன கொஞ்ச நாள்ல இடுப்பு மூட்டுக்குள்ள நீர் சேர்றது உண்டு, அது ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா சரியாயிரும். ஆனா சீழ் சேர்ந்தா கதையே வேற. குழந்தை தொடைய மடக்கி வெளிப்பக்கமா சாய்ச்சு வச்சுக்கிட்டு அசையாம படுத்திருக்கும், ஏன்னா அந்த நிலைலதான் மூட்டு உறைக்குள்ள இடம் அதிகம், அழுத்தம் குறையும். டயப்பர் மாத்த காலை தூக்கினாலே வீறிடும். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல ஜுரம், காலே ஊனல, இப்படி இருந்தா நாளைக்கு பாக்கலாம்னு வச்சுக்காதீங்க, சீழ் குருத்தெலும்பை அரிக்க ரொம்ப நாள் எடுக்காது, அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். இன்னொண்ணு, இடுப்புல இருக்கற வலி நரம்பு வழியா முழங்கால்ல வலிக்கற மாதிரி தெரியும், அதனால முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்துட்டு நிம்மதியாயிட கூடாது.

வலியே இல்லாம, குடிச்சவங்க மாதிரி தள்ளாடுதுன்னா காலை விட்டுட்டு மூளைய பாக்கணும். அம்மை மாதிரி வைரஸ் நோய் வந்து போன பிறகு உடம்போட எதிர்ப்பு சக்தி சிறுமூளைய தாக்கறதால இது வரும், பெரும்பாலான குழந்தைங்க சில வாரத்துல தேறிரும், ஆனாலும் மாத்திரை எதையாவது முழுங்கியிருக்கா, தலைல அடிபட்டிருக்கான்னு டாக்டர் பாத்துத்தான் முடிவு பண்ணணும். கால் துவண்டு பலமே இல்லன்னா அதுவும் அவசரம்தான். இந்தியால இயற்கையா பரவற போலியோ வைரஸால வந்த கடைசி கேஸ் 2011 ஜனவரில மேற்கு வங்காளத்து ஹவுராவுல, அதுக்கப்புறமும் 15 வயசுக்குள்ள யாருக்கு இப்படி திடீர்னு துவண்டாலும் ரிப்போர்ட் பண்ணி மலத்தை டெஸ்டுக்கு அனுப்பறாங்க.

டாக்டர் ரூமுக்குள்ள போனதும் குழந்தை அம்மா தோள விட்டு இறங்காது. அதனால வீட்லயே வெறுங்காலோட, டவுசர் இல்லாம, முன்னாடி இருந்தும் பின்னாடி இருந்தும் நடக்கறத போன்ல வீடியோ எடுத்துட்டு போங்க.